சார்ஜெண்டின் சிவப்புச் சட்டை

பழைய ராணுவ உடைகளைச் சேகரிப்போரிடம் கேட்டுப் பாருங்கள். தளபதியின் உடையைவிடச் சார்ஜெண்டின் உடை கிடைப்பதே அரிது என்பார்கள். சார்ஜெண்ட் என்பது நமது ஹவில்தாருக்கு ஒப்பான பதவி. அதிகாரிகள் சொந்தப் பணத்தில் தைத்த உடைகளைக் குடும்பத்தார் பாதுகாத்தனர். சார்ஜெண்டுகளோ அரசு கொடுத்ததைக் கிழியும்வரை உடுத்தினர்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் 1802ஆம் ஆண்டு சார்ஜெண்டுகளுக்கு ‘வி’ வடிவப் பட்டைகள் மூன்று வழங்கப்பட்டன. ஆனால், சாதாரணச் சிப்பாயின் சட்டையில் பிற்காலத்தில் யாரேனும் பட்டையைத் தைத்து விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே இயற்பியல் துணைக்கு வருகிறது. அக்காலச் சிப்பாயின் சட்டைக்கு மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து எடுத்த மலிவான சாயம் ஏற்றப்பட்டது. சார்ஜெண்டின் சட்டைக்கோ, கள்ளிச் செடியில் வாழும் காக்கினீல் பூச்சியின் விலையுயர்ந்த சாயம். வெள்ளீய உப்பை நிறமூன்றியாகச் சேர்த்தால் அது பளிச்சென்ற செந்நிறம் தரும்.

இரண்டும் சிவப்புதானே என்கிறீர்களா? நிறமாலைமானி ஏமாறாது. துணியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், இரு சாயங்களும் பச்சை ஒளியை உட்கவர்வது தெரியும். ஆனால் பூச்சிச் சாயத்தின் உட்கவர் பட்டைகள் சற்று நீண்ட அலைநீளத்தில் அமைகின்றன. ஒரு நூலைக்கூட வெட்ட வேண்டியதில்லை. புற ஊதா விளக்கும் உதவும். தற்கால நூல்கள் பலவற்றில் உள்ள வெண்மையூட்டிகள் அதில் நீலமாக ஒளிரும்; 1802இல் அத்தகைய பொருள்கள் கிடையா!

சாட்சி சொல்லும் இந்தச் சாயத்தை அழிப்பதும் ஒளியே. அருங்காட்சியகங்களில் இத்தகைய துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே அனுமதிக்கப்படுவது வழக்கம். நாளொன்றுக்கு 8 மணி வீதம் 300 நாட்கள் என்று கணக்கிட்டால், ஓராண்டில் 1,20,000 லக்ஸ்-மணி. நண்பகல் வெயிலோ சுமார் 1,00,000 லக்ஸ். அதாவது, அருங்காட்சியகத்தில் ஓராண்டு படும் ஒளி, வெயிலில் 72 நிமிடங்களில் பட்டுவிடும்! வெளுத்த சாயம் மீண்டும் வராது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். சிவப்பு வண்ணக் காகிதம் ஒன்றின் பாதியைத் தடித்த அட்டையால் மூடி, இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். பிறகு அட்டையை எடுத்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். சேகரிப்பாளர்கள் அரிய சட்டைகளை ஏன் இருட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள் என்பது புரியும்.