முதல் முழுக்கு

அமீபா பயத்தில் இருக்கும் கேரளத் தலைநகரில் கைக்குழந்தையை நீச்சல்குளத்தில் இறக்கலாமா?

கேரளத்தில் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு முதல் குளியல் தொட்டியைத் தந்தது கமுகு மரம். உதிர்ந்த பாக்கு மட்டையை – மலையாளிகளுக்கு அது ‘பாள’ – கழுவித் துடைத்து, எண்ணெய் தேய்த்த சிசுவை அதில் கிடத்தி, பாட்டி இளஞ்சூட்டில் வெந்நீர் ஊற்றுவார். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தால் மட்டைக்குப் பதில் பாட்டியின் நீட்டிய கால்கள். இரண்டு இடத்திலும் ஒரே விதி: ஒரு கை குழந்தையை விட்டு அகலக் கூடாது.

அப்படிக் குளித்து வளர்ந்தவர்கள் இன்று பெற்றோர். திருவனந்தபுரத்தில் பல அடுக்குமாடி வளாகங்களிலேயே நீச்சல்குளம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்கினால் என்ன? முன்பெல்லாம் இதற்கு வரும் ஆட்சேபம் ‘சளி பிடிக்கும்’ என்பதுதான். இப்போது வீட்டில் எழும் முதல் வார்த்தை வேறு: அமீபா.

பயம் காரணமற்றதல்ல. 2024-இல் நெய்யாற்றின்கரைப் பகுதியில் குளத்தில் குளித்த இளைஞர்களை அமீபா மூளைக்காய்ச்சல் தாக்கியது. 2025 செப்டம்பரில் நகரின் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சல்குளத்தில் குளித்த மாணவருக்கு நோய் உறுதியானதும் அந்தக் குளம் மூடப்பட்டது. அதே சமயத்தில் கோழிக்கோட்டில் இறந்துபோன குழந்தைக்கு வயது மூன்று மாதம். அது எந்தக் குளத்திலும் இறங்கியதில்லை. சந்தேகம் விழுந்தது வீட்டுக் கிணற்றின் மீது.

இந்த நோய்க்குக் காரணமாகும் அமீபாக்களில் பெயர் பெற்றது நெக்லேரியா ஃபவுலரி. 1965-இல் ஆஸ்திரேலியாவில் முதலில் விவரிக்கப்பட்ட இது வெதுவெதுப்பான நன்னீரில் செழிக்கும். தண்ணீரைக் குடிப்பதால் இந்த நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதுமில்லை. மூக்கில் ஏறும் நீரோடு நுழைந்து, வாசனையை உணர்த்தும் நரம்பு வழியே மூளையை அடைகிறது. உலக அளவில் இது தாக்கியவர்களில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்ததில்லை. கேரளத்தில் நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுத்ததால் பலர் மீண்டிருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

ஆக, கேட்க வேண்டியது ‘தண்ணீரில் இறக்கலாமா’ என்பதல்ல, ‘எந்தத் தண்ணீர்’ என்பதே. இந்த அமீபா குளோரினுக்கு அஞ்சும். நீச்சல்குளங்களில் லிட்டருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்று கேரள சுகாதாரத் துறை 2025-இல் உத்தரவிட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கேட்பது 1 மில்லிகிராம். தினமும் சோதிக்கிறார்களா, பதிவேடு இருக்கிறதா என்று குளத்தைப் பராமரிப்பவரிடம் கேட்க எந்தப் பெற்றோரும் கூச்சப்பட வேண்டியதில்லை. தரை தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். கோயில் குளம், ஆறு, வயலோரக் குட்டை – இவை கைக்குழந்தைக்கு வேண்டாம். சங்குமுகம் அலைகளும் வேண்டாம்.

வீட்டுக் குளியலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குளிப்பாட்டும்போது சிசுவின் மூக்கில் நீர் விட்டு ஊதிச் சுத்தம் செய்வது இரு மாநிலங்களிலும் உள்ள பழக்கம். பாட்டியின் மனம் கோணாமல் நிறுத்தியாக வேண்டிய பழக்கமும் அதுதான். கொதிக்கவைத்து ஆறிய நீர் குழந்தைக்கு நல்லது. கிணறு வைத்திருப்பவர்கள் குளோரின் இடுவது வீட்டுக்கே நல்லது.

அடுத்தது சூடு. நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பிரப்பன்கோடு நீச்சல் வளாகத்தில்தான் 2015 தேசிய விளையாட்டுப் போட்டியில், நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் ஆறு தங்கம் வென்றார். ஆனால் போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும். கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 32 டிகிரி தேவை. அதன் உடல் வேகமாகச் சூட்டை இழந்துவிடும். முதல் நாள் பத்து நிமிடம் போதும். உதடு நீலம் பூத்தாலோ உடல் நடுங்கினாலோ உடனே வெளியே எடுத்துத் துண்டில் சுற்ற வேண்டும். வயிறு நிறையப் பால் குடித்த கையோடு இறக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துப் பக்கமே போகக் கூடாது. குளோரினுக்கும் எளிதில் மசியாத கிருமிகள் அதில் உண்டு. தலையை நீருக்குள் அமுக்கி எடுக்கும் வேடிக்கை வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் செய்தால் குழந்தை நீச்சல் கற்றுவிடுமா? கற்காது. அது கை காலை உதைப்பது அனிச்சைச் செயல். ஒரு வயதுக்கு முன் தரும் பயிற்சி மூழ்கும் அபாயத்தைக் குறைப்பதாக ஆதாரம் இல்லை என்கிறது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு. ஒரு வயதுக்குப் பிறகு பயிற்சி பலன் தரக்கூடும் என்பது அதன் கருத்து. அதுவரை கிடைப்பது தண்ணீரோடு பரிச்சயம், பெற்றோரோடு விளையாட்டு.

அதைவிடப் பெரிய லாபம் பெற்றோருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை உணர்வு. 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அமீபா அரிது, இது அரிதல்ல. தவழும் குழந்தைக்குக் குளம்கூட வேண்டாம், குளியலறையில் பாதி நிரம்பிய வாளியே போதும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள், காவல் அல்ல. கழுத்தில் மாட்டும் வளையம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது.

எனவே குளத்தில் இறங்குபவர் செல்போனைக் கரையில் வைத்துவிட்டு இறங்குவது நல்லது. புகைப்படத்தை இன்னொருவர் எடுக்கட்டும். பாக்கு மட்டைக் காலத்து விதி இன்னும் மாறவில்லை: ஒரு கை எப்போதும் குழந்தையின் மேல்.