சின்ன நாயும் பெரிய செலவும்

திருமுதுகுன்றம் என்று பண்டைப் பெயர் கொண்ட விருத்தாசலம், மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த ஊர். பழமலைநாதர் கோயிலால் புகழ் பெற்ற இவ்வூர், பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அத்தொழில் அறிந்தோர்க்கெல்லாம் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. மண் ஈரமாக இருக்கும்போது கண்ட விரிசலை விரல் நுனியால் தடவி மூடிவிடலாம். சூளையில் வெந்து வெளிவந்த பின்னர் அதே விரிசல் பொருளையே பாழாக்கிவிடும். வளர்ப்பு நாயின் மருத்துவச் செலவைப் பற்றி எண்ணுவோர்க்கும் இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

வீட்டில் நாய்க்குட்டி வளர்க்க ஆசைப்படும் மாணவர், “சின்ன நாய்தானே, அப்பா! இதற்கென்ன பெரிய செலவு?” என்று கேட்பது இயல்பு. தீனியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. மருத்துவத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று.

25 கிலோ எடையுள்ள இராசபாளையம் நாய்க்கும், 6 கிலோ எடையுள்ள சடைநாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி ஒரே அளவில்தான் போடப்படுகிறது. காரணம் என்ன? மற்ற மருந்துகள் உடலெங்கும் பரவி வேலை செய்வன. ஆகவே எடைக்கேற்ற அளவு வேண்டும். தடுப்பு மருந்தோ, ‘இவன் பகைவன்’ என்று உடலுக்கு அடையாளம் காட்டுவது. அடையாளம் காட்டுவதில் பெரியவன், சிறியவன் என்ற வேறுபாடு இல்லை அன்றோ? இரத்தப் பரிசோதனையும் அவ்வாறே. உடல் சிறிதென்பதால் உழைப்பு குறைவதில்லை. அன்றியும், சிறிய தாடையில் பற்கள் நெருங்கி முளைப்பதால் பல்நோய் எளிதில் வரும். சிறு நாய்கள் பெரும்பாலும் பெரிய இனங்களைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. 12 முதல் 15 ஆண்டுவரை அவற்றைப் பேண வேண்டியிருக்கும்.

மருத்துவருக்குக் கொடுக்கும் பணம் ஊசிக்கு மட்டும் உரியதன்று. தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரில் காத்து வைக்க வேண்டும். நோயாளியோ வாயில்லாப் பிராணி. வலி எங்கே என்று சொல்லாது. தொட்டும், கேட்டும், சோதித்தும் அறிய வேண்டும். அவ்வறிவைப் பெற, பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டு பயில வேண்டும். சென்னையில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இக்கல்வியைத் தலைமுறை தலைமுறையாக அளித்து வருகிறது.

உண்மையான பெருஞ்செலவு காலந்தாழ்த்துவதால் வருவது. ‘பார்வோ’ என்னும் நச்சுயிரி நோய் 1978-ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்டது. நோயுற்ற நாயின் மலத்தால் பரவும் இக்கிருமி, மண்ணில் பல மாதம் உயிர்த்திருக்கும். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் குட்டியின் உடல் நீரை வற்றச் செய்கின்றன. சிறு குட்டியிடம் நீர்ச் சேமிப்பே குறைவு. ஆகவே ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து நேரலாம். நாட்கணக்கில் நரம்பு வழியே நீரேற்றிக் காக்க வேண்டும். காத்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. பிறந்த 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம்வரை சிறு இடைவெளிகளில் போடும் தடுப்பூசிகளோ இத்துயரையே பெரும்பாலும் வராமல் தடுத்துவிடுகின்றன.

வெறிநோயின் கணக்கு நாயோடு முடிவதில்லை. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும், பின்னர் ஆண்டுக்கு ஒன்றும் போதும். அதைத் தவறவிட்ட வீட்டில் ஒருவர் கடியுண்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று, குறித்த நாட்களில் நான்கைந்து முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசமே. ஆயினும் இழந்த நாட்கூலிக்கும், இழந்த உறக்கத்திற்கும் விலை யார் கொடுப்பார்? நோய்க்குறி தோன்றிவிட்டாலோ உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

செலவைக் குறைக்க எண்ணி மனிதர் உண்ணும் மாத்திரையை நாய்க்குக் கொடுப்போரும் உளர். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் நாய்க்கு நஞ்சாகக் கூடியது. உடல் சிறிதாக ஆக, நஞ்சாகும் அளவும் சிறிதாகும். உலர்திராட்சையும் அத்தகையதே. சிக்கனம் என்று தொடங்கியது இழப்பாய் முடிவதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் எளியோர் நாய் வளர்க்கலாகாதா? தாராளமாக வளர்க்கலாம். அரசு கால்நடை மருந்தகங்களில் செலவு மிகக் குறைவு. ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் நாள் கொண்டாடப்பெறும் உலக வெறிநோய் நாளையொட்டிப் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம்களும் நடைபெறுகின்றன. குட்டியைக் கொணரும் முன்பே, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்க முடியுமா என்று வீட்டாரோடு கலந்து எண்ணுங்கள். ஊசி போட்ட நாளை ஓர் ஏட்டில் குறித்து வையுங்கள்.

ஈர மண்ணில் விரல் நுனி செய்யும் வேலை அதுவே. சூளைக்குப் பின் வருந்துவதைவிட, சூளைக்கு முன் ஒருமுறை தடவிப் பார்ப்பது நன்று.