உங்களுக்குத் தெரியுமா? கூரை கழன்ற ஹெரால்டும் சில பொய்ப் பெயர்களும்

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த ஊர் கும்பளங்கி. 2019-இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரும் தென்னையும் நினைவிருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் இணையதளம் ஒன்றில் அந்த ஊர்ப் பெயரோடு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘1969 ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ், இம்போர்ட்டட், ஓப்பன் டாப், ஒரே ஓனர்.’ சிவப்பு வண்டி, பின்னால் சீனவலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு கதவுக் கைப்பிடிகள் இருந்தன. விளம்பரம் பொய் என்று சொல்ல அந்த இரண்டு கைப்பிடிகளே போதும். ஏன் என்று தெரிந்துகொள்ள வண்டலூர் வரை போகவேண்டும்.

★

படத்தில் இருந்தது ஹெரால்ட். ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1959-இல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து நிறுவனத்திடமிருந்து வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கேலோட்டி. அதே காரை 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற பெயரில் தயாரித்தது. முதலில் இரண்டு கதவுதான். முன்சீட்டை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவது எவ்வளவு சிரமம் என்று அந்தக் காலத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். மார்க் 3 வந்தபோது கதவு நான்கானது. இந்த நான்கு கதவு ஹெரால்ட் உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் தயாரானது, தெரியுமா? கோவென்ட்ரியிலிருந்து நான்கு கதவு ஹெரால்ட் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அப்படியானால் கும்பளங்கிக்காரர் ‘இம்போர்ட்டட்’ என்று எழுதிய வண்டி கப்பல் ஏறி வந்ததல்ல. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடி வந்தது.

★

சரி, கூரை எங்கே போனது? பெரும்பாலான கார்களில் கூரை உடம்போடு சேர்த்து வெல்டு வைத்தது. அதை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய துண்டு துண்டான உடம்பு. கூரையும் போல்டில்தான் நிற்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் கழற்றிவிடலாம். ட்ரையம்ஃபே ஹெரால்டை ஓப்பன் காராகவும் விற்றதால் ‘இது அந்த மாடல்’ என்று சொல்லிவிடுவதும் சுலபம். அசல் ஓப்பன் ஹெரால்ட் இரண்டு கதவு வண்டி. ஹெரால்ட் 1200-இல் அதன் எண் தகட்டின் கடைசியில் ‘சி.வி.’ என்ற எழுத்து இருக்கும்.

★

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஸ்பிட்ஃபயர்’ என்றே போட்டுவிடுகிறார்கள். ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்த அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டின் சேசிஸையே குட்டையாக்கி அதன்மேல் கட்டினார்கள். வரைந்த கையும் மிக்கேலோட்டியுடையதே. இரண்டிலும் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். ஜாடை ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஸ்பிட்ஃபயரில் பின்சீட்டே கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் சி.சி. என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு 948. ஸ்பிட்ஃபயருக்கு முதலில் 1147, பிறகு 1296, கடைசியில் 1493. 948 சி.சி.யில் ஸ்பிட்ஃபயர் வந்ததே இல்லை.

★

இதே சி.சி. வைத்தியம் கான்டெஸ்ஸாவுக்கும் பலிக்கும். 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார் அது. வடிவம் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காருடையது. நீண்ட மூக்கைப் பார்த்துவிட்டு ‘இந்தியன் மஸ்டாங்’ என்று விளம்பரம் எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின். பிறகு வந்த இசுசு பெட்ரோல் எஞ்சின் 1817 சி.சி. பின்மூடியில் ‘1.8’ என்ற எழுத்தை ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. ஆர்.சி.யில் 1489 இருந்தால் ஒட்டிய எழுத்தை நம்பாதீர்கள். உள்ளே 1.8 எஞ்சினே இருந்தாலும், மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

★

நம்பர் பிளேட்டும் பேசும். 1989 ஜூலை 1-க்கு முன் எர்ணாகுளத்தில் பதிவான வண்டிகளுக்கு கே.எல்.ஈ. போன்ற மூன்றெழுத்து வரிசைகள். அதன் பிறகு கே.எல். 7. கும்பளங்கி வட்டாரத்துக்குரிய மட்டாஞ்சேரி அலுவலகத்தின் கே.எல். 43 இன்னும் பின்னால் வந்தது. ‘1969 முதல் இதே வீட்டில், ஒரே ஓனர்’ என்று சொல்லும் வண்டியில் கே.எல். 43 தொங்கினால் நடுவே ஒரு கதை விடுபட்டிருக்கிறது. வெளிமாநில வண்டி ஒன்றை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய சென்னை எண்ணோடு பிறந்த வண்டி மறுபதிவில் கேரள எண் வாங்கியிருக்கலாம். அதில் தவறில்லை, மறைப்பதுதான் தவறு. பழைய ஆர்.சி.யையும் என்.ஓ.சி.யையும் காட்டச் சொல்லுங்கள்.

★

துருவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்களா என்று பார்க்கக் காந்தம் வைப்பது பழைய பழக்கம். பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் ஒட்டாது. ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. 90-களின் கடைசியில் நம் நாட்டில் வந்த இரண்டு சீட் ஓப்பன் கார் சான் ஸ்டார்மின் உடம்பு ஃபைபர்கிளாஸ். எஞ்சின் ரெனோவின் 1149 சி.சி. 80-களில் பெங்களூரில் தயாரான டால்ஃபினும் ஃபைபர்தான். அமெரிக்காவின் கார்வெட்டுக்கு 1953 முதலே அப்படி. அவற்றில் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். ஒட்டினால்தான் சந்தேகப்படவேண்டும்.

★

கும்பளங்கி, செல்லானம், இடக்கொச்சிப் பக்கம் ஆண்டுதோறும், வேலியேற்றம் என்று அங்கே சொல்லும் பெரிய ஓதத்தின்போது உப்புத் தண்ணீர் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. சிமென்ட் தரையில் நிற்கும் காரின் சக்கரம் பாதி நனைந்தாலும் கேடுதான். ஹெரால்டில் முதலில் போவது மேல் தகடு அல்ல, உடம்பைத் தாங்கும் சேசிஸின் பக்கவாட்டுக் கைகள். புதுப் பெயின்ட் மின்னும் பத்துப் படங்களை அனுப்புகிறவரிடம் வண்டியின் அடிப்பக்கத்தை ஒரே ஒரு படம் கேட்டுப்பாருங்கள். மிதியடியைத் தூக்கித் தளத்தையும் காட்டச் சொல்லுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் முங்கிய வண்டிகள் எத்தனையோ. அப்போது வண்டி எங்கே நின்றது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

★

‘ஒரிஜினல் டயர்’ என்கிறாரா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

★

‘38,000 மைல்தான் ஓடியது’ என்கிறாரா? பழைய பிரிட்டிஷ் மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

★

பெயர் மாற்றும் வியாபாரம் நம் ஊரோடு நிற்பதில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளத்தில் ஃபைபர் உடம்பு மாட்டிப் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் ஆக்குகிறார்கள். ஜாகுவார் ஈ-டைப்பின் முகப்பு விளக்குக்குக் கண்ணாடி மூடி இருந்தது 1967 வரைதான், அந்த முதல் வரிசைக்கே மதிப்பு அதிகம். அதற்காகப் பின்னால் வந்த வண்டிக்கு மூடி போட்டு வயதைக் கூட்டுகிறவர்கள் உண்டு. 60-களின் மஸ்டாங்கில் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும். ‘கே’ இருந்தால் அதிக ஆற்றல் கொண்ட 289 எஞ்சின், ‘சி’ இருந்தால் சாதாரணம்.

★

கூரையைக் கழற்றினால் என்ன, என் வண்டி என் இஷ்டம் என்று சொல்ல முடியுமா? முடியாது. தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்துதான். 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். நிபந்தனை என்னவென்றால் சேசிஸோ உடம்போ எஞ்சினோ பெரிதாக மாறியிருக்கக்கூடாது. கழற்றாமல் வைத்திருந்தால் கௌரவமாக விண்டேஜ் பதிவு கேட்டிருக்கக்கூடிய ஒரு ஹெரால்ட், கூரை போனதால் அந்தத் தகுதியையும் இழந்து நிற்கிறது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

★

கொச்சி சுங்கத்துறை 2025 செப்டம்பரில் நடத்திய சோதனைக்கு ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று பெயர். பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வாகனம். அங்கிருந்து கள்ளத்தனமாக வந்து போலி ஆவணத்தில் இந்தியப் பதிவு பெற்றவை என்ற சந்தேகத்தில் கேரளம் முழுவதும் சொகுசு வண்டிகளைப் பிடித்தார்கள். வெளிமாநிலப் பதிவு, குறைந்த விலை, அவசர விற்பனை மூன்றும் சேர்ந்து வந்தால் வாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே வரும் மாடல் பெயரும் விளம்பரப் பெயரும் ஒன்றுதானா?

★

உண்மையிலேயே வெளிநாட்டில் பிறந்த ட்ரையம்ஃபோ எம்.ஜி.யோ என்றால் இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதலாம். சேசிஸ் எண்ணை வைத்துப் பழைய தயாரிப்புப் பேரேட்டில் தேடி, எந்த மாடல், என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருகிறார்கள்.

★

நம் வண்டலூர் வண்டிகளுக்கு ஆர்.சி. புத்தகமும் எண் தகடும்தான் பேரேடு. அதனால்தான் அவற்றின் பெயரை மாற்றக்கூடாது. வைத்திருப்பவர்களே, ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, வண்டலூர், கூரை கழற்றியது’ என்று எழுதுங்கள். அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். வாங்க நினைப்பவர்களே, டோக்கன் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் சேசிஸ் எண் தகட்டின் படம் ஒன்று கேளுங்கள். கும்பளங்கி விளம்பரத்துக்கு நான் எழுதியதும் அந்த ஒரு வரிதான்.