நடுவில் நின்ற ராஜா

சதுரங்கம் கற்கும் பிள்ளைக்கு, அது சாத்தான்குளத்தில் கற்றாலும் சென்னையில் கற்றாலும், முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படுபவை ஏறக்குறைய ஒன்றே: பலகையின் நடுவைப் பிடி, குதிரையை ஓரத்தில் நிறுத்தாதே, சீக்கிரம் கேஸ்லிங் செய், அதாவது ராஜாவை இரண்டு கட்டம் ஓரம் நோக்கி நகர்த்தி யானையை அதன் மறுபக்கம் நிறுத்து. காய்கள் எப்படி நகரலாம் என்னும் ஆட்ட விதிகள் வேறு, இவை வேறு. இவை முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸும் ஜெர்மானிய மருத்துவர் டாராஷும் பரப்பிய உத்தி விதிகள். 1925இல் வெளிவந்த தம் நூலில் சதுரங்க வீரர் நிம்சோவிட்ச், நடுவைச் சிப்பாய்களால் நிரப்பாமல் தொலைவிலிருந்தே காய்களால் ஆளலாம் என்று வாதிட்டபோதே அவற்றின் அதிகாரம் ஆட்டம் காணத் தொடங்கியது.

இந்த உத்தி விதிகளை மீறியும் வெல்லலாம் என்பதற்கு நம்மவர் தந்த சிறந்த சான்று, 2008 அக்டோபர் 17 அன்று ஜெர்மனியின் பான் நகரில், உலகச் சாம்பியன் போட்டியின் மூன்றாம் ஆட்டத்தில் கிடைத்தது. மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆட, ரஷ்யாவின் கிராம்னிக் 13ஆம் நகர்வில் முறைப்படி கேஸ்லிங் செய்துகொண்டார். ஆனந்தின் ராஜாவோ நடுவிலேயே நின்றது. அதன் பக்கத்துச் சிப்பாய் வரிசையும் உடைந்திருந்தது. அந்நிலையில் 14ஆம் நகர்வில் அவர் ஒரு சிப்பாயைக் காவலின்றி விட்டுவிட்டு, மூலைவாட்டில் செல்லும் பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்தார். பாடநூலின்படி இது மூன்று பிழை. ஆனால் சிப்பாய் விலகியதால் திறந்த பத்தியில் கறுப்பு யானை வந்து நிற்க, அதுவும் பிஷப்பும் வெள்ளை ராஜாவின் முன்னிருந்த ஜி2 கட்டத்தையே குறிவைத்தன. உடைந்த வரிசையே தாக்குதலுக்கு வாசலாயிற்று. கிராம்னிக் 41ஆம் நகர்வில் தோற்றார்.

விதி பொய் என்பதல்ல இதன் பொருள். விதி என்பது பல்லாயிரம் ஆட்டங்களின் சராசரி; எதிரே இருக்கும் பலகையோ ஒன்றே ஒன்று. மனித உத்தி எதுவும் கற்பிக்கப்படாமல், தன்னோடு தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ என்னும் கணினி நிரலும் 2017இல் ஓரச் சிப்பாயைத் துணிந்து முன்னேற்றி வல்லுநர்களை வியக்கவைத்தது.

பான் நகரில் மூன்று நாள் கழித்து, ஐந்தாம் ஆட்டத்தில், ஆனந்த் அதே பி7 நகர்வை மீண்டும் ஆடினார். அதிலும் கறுப்பே வென்றது, இம்முறை 35 நகர்வுகளில்.