சின்ன ஊர் விமானம் ஏன் நின்று போகிறது?

விமானம் என்றதும் டெல்லி, மும்பை, சென்னை போன்ற பெரிய நகரங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் நாட்டில் சின்ன ஊர்களிலும் விமான நிலையங்கள் உண்டு. சில ஊர்களில் ஓடுதளம் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது. காவலுக்கு ஆள் இருக்கிறார். விமானம்தான் வருவதில்லை.

வேறு சில ஊர்களுக்கு விமானம் வருகிறது. முதல் நாள் மேளதாளத்தோடு வரவேற்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது நின்று விடுகிறது. ஏன் இப்படி நடக்கிறது? இதில் யாருடைய பணம் போகிறது?

முன்பு நடந்தது

1981ஆம் ஆண்டு ‘வாயுதூத்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அப்போது அரசிடம் இருந்த ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் சேர்ந்து அதைத் தொடங்கின. முதலில் அது வடகிழக்கு மாநிலங்களுக்காக வந்தது. அங்கே மலைகளும் ஆறுகளும் அதிகம். சாலை வழியே போனால் நாள் கணக்கில் ஆகும். 19 பேர் உட்காரும் டோர்னியர் என்ற சிறிய விமானங்களும் அதில் பறந்தன. பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் போயின. ஆனால் வரவை விடச் செலவு அதிகமாக இருந்தது. 1993ல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்சோடு சேர்க்கப்பட்டது.

2003ல் கோபிநாத் என்பவர் ‘ஏர் டெக்கான்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் முன்னாள் இராணுவ அதிகாரி. குறைந்த கட்டணத்தில் சின்ன ஊர்களுக்கும் விமானம் விட்டார். பலர் முதல் முறையாக விமானத்தில் ஏறினார்கள். ஆனாலும் நஷ்டம் வந்தது. அந்த நிறுவனம் கிங்ஃபிஷர் கைக்குப் போனது. கிங்ஃபிஷரும் 2012ல் பறப்பதை நிறுத்தியது.

உடான் திட்டம்

2016ல் மத்திய அரசு ‘உடான்’ என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. உடான் என்ற இந்திச் சொல்லுக்குப் பறத்தல் என்று பொருள். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ரப்பர் செருப்பு போடுபவரும் விமானத்தில் போக வேண்டும் என்று பிரதமர் மோடி அன்று பேசினார்.

இந்தத் திட்டம் எப்படி நடக்கிறது?

ஒரு விமானத்தில் ஏறக்குறைய பாதி இருக்கைகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் வைத்தார்கள். இதனால் குறையும் பணத்தை அரசு ஈடு கட்டும். இந்த உதவி மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு நிறுவனம் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

உதவிப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கட்ட வேண்டும். மாநில அரசும் ஒரு பங்கு தருகிறது. மாநில அரசின் பங்கு மக்கள் கட்டும் வரியிலிருந்து வருவது.

ஒரு சின்னக் கணக்கு

இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் எளிதில் புரியும். இது உதாரணத்துக்குத்தான்.

ஒரு விமானத்தில் 70 இருக்கைகள். ஒரு முறை பறக்க 2,50,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

35 பேர் 2,500 ரூபாய் கொடுத்தால் கிடைப்பது 87,500 ரூபாய். மீதி 35 பேர் 5,000 ரூபாய் கொடுத்தால் கிடைப்பது 1,75,000 ரூபாய். மொத்த வரவு 2,62,500 ரூபாய். செலவு போகக் கொஞ்சம் மிஞ்சும்.

ஆனால் 35 பேர் மட்டும் வந்தால்? எல்லாரும் குறைந்த விலைச் சீட்டைத்தான் வாங்குவார்கள். வரவு வெறும் 87,500 ரூபாய். நஷ்டம் 1,62,500 ரூபாய். அரசு உதவி இருக்கும் வரை சமாளிக்கலாம். உதவி நின்றால் விமானமும் நின்று விடும்.

செலவு ஏன் குறைவதில்லை?

சின்ன விமானம் என்றால் செலவும் சின்னதாக இருக்கும் என்று தோன்றும். அப்படி இல்லை.

180 பேர் போகும் பெரிய விமானத்தை இரண்டு விமானிகள் ஓட்டுகிறார்கள். 19 பேர் போகும் சின்ன விமானத்துக்கும் இரண்டு விமானிகள் வேண்டும். அந்தச் சம்பளத்தை 180 பேர் பகிர்வது வேறு, 19 பேர் பகிர்வது வேறு.

பல நிறுவனங்கள் விமானத்தை வாடகைக்கு எடுக்கின்றன. வாடகையை டாலரில் கட்ட வேண்டும். ரூபாயின் மதிப்பு குறைந்தால் வாடகை ஏறும். எரிபொருள் செலவும் பெரியது. அதன் மேல் மாநில வரியும் உண்டு.

சின்ன நிறுவனத்திடம் இரண்டு மூன்று விமானங்கள்தான் இருக்கும். ஒன்று பழுதானால் மாற்று விமானம் இருக்காது. உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை பயணம் ரத்து.

வானிலையும் தடுக்கும். பெரிய விமான நிலையத்தில் மூடுபனியிலும் இறங்குவதற்கு உதவும் கருவிகள் இருக்கும். பல சின்ன நிலையங்களில் அவை இல்லை. சில இடங்களில் இரவில் இறங்க விளக்குகள் கூட இல்லை. இரண்டு முறை விமானம் வராமல் போனால், மூன்றாம் முறை மக்கள் ரயிலுக்குப் போய் விடுவார்கள்.

சிம்லாவில் இன்னொரு சிக்கல். அங்கே ஓடுதளம் மலை மேல் இருக்கிறது. நீளமும் குறைவு. உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு. அதனால் விமானம் முழுப் பாரத்தோடு எழும்ப முடியாது. சில இருக்கைகளைக் காலியாக விட வேண்டியிருக்கிறது. காலி இருக்கை என்றால் நஷ்டம்தான்.

தணிக்கை சொன்னது

அரசின் கணக்குகளைச் சரிபார்க்கும் சி.ஏ.ஜி. என்ற அமைப்பு 2023ல் உடான் பற்றி ஓர் அறிக்கை தந்தது. முதல் மூன்று கட்டங்களில் 774 வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 403 தடங்களில் விமானம் பறக்கத் தொடங்கவே இல்லை. 371 தடங்களில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளை முடித்தவை 112 தடங்கள். அதன் பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை 54 தடங்கள்தான். நூறு தடங்களில் ஏழு என்று வைத்துக்கொள்ளலாம்.

சேலமும் இதைக் கண்டது. 2018ல் ட்ரூஜெட் நிறுவனம் சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானம் விட்டது. 2021ல் அது நின்றது. மறு ஆண்டு அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. 2023 அக்டோபரில்தான் வேறு நிறுவனங்கள் சேலத்துக்கு மீண்டும் விமானம் விட்டன.

நிலைத்த ஊரும் உண்டு

பீகாரில் தர்பங்கா என்ற ஊர் இருக்கிறது. 2020 நவம்பரில் அங்கே உடான் விமானம் வந்தது. கூட்டம் அலைமோதியது. காரணம் என்ன? அந்தப் பக்கத்து மக்கள் ஏராளமானோர் டெல்லி, மும்பை, பெங்களூரு நகரங்களில் வேலை செய்கிறார்கள். ஊருக்கு வர ரயிலில் ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். போகவும் ஆள் உண்டு, வரவும் ஆள் உண்டு. அங்கே இருப்பது விமானப் படையின் நீண்ட ஓடுதளம். அதனால் பெரிய விமானமே இறங்குகிறது.

ஓடுதளம் மட்டும் போதாது. நாள்தோறும் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இதைத்தான் தர்பங்கா காட்டுகிறது.

லாபம் பார்க்க முடியாத இடங்கள்

எல்லா ஊரையும் இந்தக் கணக்கில் அளக்க முடியாது. அருணாசலப் பிரதேசத்தில் பாசிகாட், தேசு போன்ற ஊர்கள் உள்ளன. லட்சத்தீவில் அகத்தி என்ற தீவு உள்ளது. அங்கிருந்து கொச்சிக்குக் கப்பலில் போனால் பல மணி நேரம் ஆகும். அங்குள்ள நோயாளிக்கும் மாணவருக்கும் விமானம் ஆடம்பரம் இல்லை. அது நமக்கு டவுன் பஸ் மாதிரி. மலைக் கிராமத்துக்குப் போகும் அரசுப் பேருந்து லாபம் தருவதில்லை. ஆனாலும் அது ஓட வேண்டும். அப்படிப்பட்ட இடங்களுக்கு மூன்று ஆண்டு உதவி போதாது. தொடர்ந்து உதவி வேண்டும்.

நல்ல சாலையும் வேகமான ரயிலும் பக்கத்தில் இருக்கும் ஊரின் நிலை வேறு. அங்கே விமான நிலையம் கட்டும் முன் யோசிக்க வேண்டும். அதற்கு நிலம் கொடுப்பவர் விவசாயி. பணம் கொடுப்பவர் வரி கட்டும் மக்கள். விமானம் நின்றால் நிறுவனம் வேறு ஊருக்குப் போய் விடும். கொடுத்த நிலம் திரும்பி வராது.

2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில், பத்து ஆண்டுகளில் இன்னும் 120 இடங்களுக்கு விமானம் விடப் போவதாக மத்திய அரசு அறிவித்தது. நம் ஊர்ப் பக்கமும் அந்தப் பேச்சு வரலாம். வந்தால் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கூடிப் பேசுவோம்

1. நம் ஊரிலிருந்து தினமும் விமானத்தில் போகக் கூடியவர்கள் யார்? எத்தனை பேர்?
2. திரும்பி வரும் விமானத்தில் யார் வருவார்கள்?
3. அரசு உதவி நின்ற பிறகு விமானம் வருமா?
4. அதே பணத்தில் நம் ஊருக்கு முதலில் வேண்டியது எது: சாலையா, ரயிலா, மருத்துவமனையா, விமானமா?