குடிதண்ணீரில் மயக்க மருந்து!

குழாயைத் திறந்தால் சில நாட்களில் ஒரு நெடி அடிக்கும். அது குளோரின் நெடி. காலரா, டைபாய்டு முதலிய நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காகத் தண்ணீரில் அதைக் கலக்கிறார்கள்.

அமெரிக்காவில் உள்ள ஜெர்சி சிட்டி நகரம் 1908-ம் ஆண்டில் இந்த வழக்கத்தைத் தொடங்கியது. மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின. டைபாய்டு சாவுகள் மளமளவென்று குறைந்தன.

ஆனால், குளோரின் வேறு ஒரு வேலையும் செய்கிறது. அது வெகு காலம் யாருக்கும் தெரியாது!

கண்டுபிடித்தவர்

ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் என்ற துறைமுகப் பட்டினம் இருக்கிறது. அந்த ஊர்க் குடிநீர் நிலையத்தில் ஜோஹன்னஸ் ரூக் என்ற ரசாயன நிபுணர் வேலை பார்த்தார். குளோரின் கலப்பதற்கு முன்பும் பின்பும் தண்ணீரை அவர் சோதித்தார். குளோரின் கலந்த தண்ணீரில் "குளோரோபாரம்" இருந்தது! முன்காலத்தில் ஆபரேஷனுக்கு முன்பு நோயாளிகளுக்குக் கொடுத்த மயக்க மருந்துதான் அது.

அதை யாரும் தண்ணீரில் ஊற்றவில்லை. பிறகு எப்படி வந்தது?

ஆற்றிலும் ஏரியிலும் இலை, தழைகள் விழுந்து அழுகுகின்றன. அந்தச் சாறு தண்ணீரில் கரைந்துவிடுகிறது. குளோரின் அதோடு சேரும்போது குளோரோபாரம் உண்டாகிறது. இந்த உண்மையை ரூக் 1974-ல் வெளியிட்டார்.

எலிகளுக்குப் புற்றுநோய்

நிறைய குளோரோபாரம் கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. இது 1976-ல் அமெரிக்காவில் தெரிந்தது. குழாய்த் தண்ணீரில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். ஆனாலும், ஆயுள் முழுவதும் குடிக்கிற தண்ணீர் அல்லவா?

எனவே, 1979-ல் அமெரிக்க அரசு ஒரு வரம்பு கட்டியது. குளோரோபாரமும் அதன் இனப் பொருள்களும் சேர்ந்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்குதான் மைக்ரோகிராம்! 1998-ல் அந்த வரம்பை 80 ஆகக் குறைத்தார்கள்.

குளோரின் வேண்டாமா?

அப்படி நினைப்பது பெரும் தவறு. காலராக் கிருமி சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அதோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து மிகச் சிறியது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

சரியான வழி எது? முதலில் படிகாரம் போட்டுத் தண்ணீரைத் தெளிய வைத்து, வடிகட்ட வேண்டும். அழுகல் சாறு குறைந்த பிறகு குளோரின் கலக்க வேண்டும்.

வீட்டிலும் ஒரு வழி உண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். கிருமிகள் சாகும், குளோரோபாரமும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். ஆறியதும் மூடி வைத்துக் குடியுங்கள்.