குடிக்கும் மனசுக்கும் சேர்த்தே வைத்தியம்



"அவன் குடிச்சே கெட்டான்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். "பாவம், அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறோம். முதல் ஆளைத் திட்டுகிறோம். இரண்டாவது ஆளைப் பூசாரியிடம் கூட்டிப் போகிறோம். ஆனால் எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான். குடியும் மனநோயும் கைகோத்துக் கொண்டு ஒரே உடம்பில் குடியிருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் இரண்டுமே தீராது.

இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கத் தேவையில்லை. வீட்டில் இருந்துகொண்டே, குறித்த நாளில் கிளினிக்குக்குப் போய் வந்து குணம் பெறலாம். அது எப்படி என்பதை இம்முறை பார்ப்போம்.

பழைய கதை

தோட்டத்துத் தமிழனுக்குக் குடி பிறவிக் குணம் என்று பேசுவோர் உண்டு. அது பொய். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் லயத்துப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் ஒரு கையால் வந்து மறு கையால் போனது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். கேட்டவர்கள் தொழிலாளர்களே!

கள்ளுக்குப் பிறகு மலிவான சம்சு வந்தது. அதற்கும் மேலே கள்ளச் சாராயம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பலர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்து உழைத்தவர்கள். மலிவு விலைப் புட்டியைக் கையில் எடுக்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.

எப்போது அது நோய்?

கல்யாணத்தில் ஒரு கிளாஸ் குடித்தவரை நாம் நோயாளி என்று சொல்லவில்லை. டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் உள்ளன. உங்களையே கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் யாரும் இல்லை, உண்மையைச் சொல்லலாம்.

1. "கொஞ்சம் குறைச்சுக்கணும்" என்று எப்போதாவது நினைத்தது உண்டா?
2. உங்கள் குடியைப் பற்றி மற்றவர் பேசினால் எரிச்சல் வருகிறதா?
3. குடித்ததற்காக மனசு குத்தியது உண்டா?
4. காலையில் எழுந்ததும், கை நடுக்கம் நிற்க, பெரட்டுக்குப் போகும் முன்னே ஒரு வாய் ஊற்றிக் கொண்டது உண்டா?

இரண்டுக்கு "ஆமாம்" என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நான்காவது கேள்விக்கு "ஆமாம்" என்றால், அதுக்கு மட்டுமே போய்ப் பார்க்கலாம். உடம்பு சாராயத்துக்கு அடிமையாகி விட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மனசு எங்கே வந்தது?

இரண்டு வழியாக வரும். சிலருக்கு மனநோய் முதலில் வருகிறது. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, செத்த மகனின் நினைவு விடமாட்டேன் என்கிறது. அதை மறக்க ஊற்றுகிறார். ஊற்றினால் ஒரு மணி நேரம் நிம்மதி. நாளடைவில் அந்த நிம்மதிக்கு ஒரு கிளாஸ் போதாமல் அரைப் புட்டி வேண்டியிருக்கும்.

சிலருக்குக் குடி முதலில் வருகிறது. சாராயம் மூளையைத் தூக்கி நிறுத்தும் பொருள் அல்ல, அமுக்கும் பொருள். பல வருஷம் குடித்தவருக்கு மனச்சோர்வு நோய் வந்து சேரக் கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் கீழே சொன்னவை விடாமல் இருந்தால் கவனியுங்கள்:

எதிலும் பிடிப்பு இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு. கோயில் திருவிழாவோ பேரப் பிள்ளையோ சந்தோஷம் தரவில்லை. "நான் ஒரு உதவாக்கரை" என்ற பேச்சு. "நான் போயிட்டா நல்லது" என்ற பேச்சு.

கடைசியாகச் சொன்ன பேச்சை வேடிக்கையாக எடுத்துக் கொள்ளாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "ஏங்க, சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனசு விட்டுப் பேச வழி பிறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி மருந்தை வீட்டில் வைக்கவே கூடாது. ஸ்டோரில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முன்பு தற்கொலை முயற்சி நம் நாட்டில் குற்றமாக இருந்தது. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து பலர் மறைத்தார்கள். 2023-இல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. இனி அந்தப் பயம் வேண்டாம்.

ஒரேயடியாக நிறுத்தலாமா?

தைப்பூசத்துக்கு விரதம் இருந்து குடியை விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். நல்ல காரியம். சாமி முன்னால் சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியவர்களும் உண்டு. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், டாக்டரைப் பார்க்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்து.

கடைசியாகக் குடித்து 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊருது என்பார், செத்துப் போன அப்பா கூப்பிடுகிறார் என்பார், காய்ச்சல் அடிக்கும், ஆளைத் தெரியாது. "பேய் பிடிச்சிருச்சு" என்று வேப்பிலையைத் தேடுவதற்குள் உயிர் போய்விடக் கூடும். அது பேய் அல்ல. சாராயத்துக்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் கொந்தளிப்பது. 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.

ஆகவே விரதம் தொடங்கும் முன்னே கிளினிக்குக்குப் போங்கள். மாலை போடுவதும் மருந்து சாப்பிடுவதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

வந்து போகும் வைத்தியம்

முதலில் பக்கத்து டவுனில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அடையாளக் கார்டை எடுத்துப் போங்கள். டாக்டர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பார். "சும்மா ரெண்டு கிளாஸ்தான்" என்று குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு தப்பாகிவிடும். உள்ளதைச் சொல்லுங்கள். ஈரலைப் பார்க்க ரத்தம் எடுப்பார்கள். தூக்கம், கவலை, காதில் குரல் கேட்பது பற்றியும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

முன்னே வலிப்பு வந்தவர், புத்தி தடுமாறியவர், ஈரல் அல்லது இருதய நோய் முற்றியவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டில் பார்த்துக் கொள்ள ஆள் இல்லாதவர், இவர்களைச் சில நாள் வார்டில் படுக்க வைப்பார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே நடக்கும்.

முதல் வாரம் கடினம். அந்த வாரம் தினமும், அல்லது ஒன்று விட்டு ஒரு நாள், வந்து காட்டச் சொல்வார்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து ஒரு வாரம் போல நிறுத்துவார்கள். அந்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே மாத்திரையை வீட்டுக்காரம்மாவோ அண்ணனோ கையில் வைத்து வேளைக்குக் கொடுப்பது நல்லது. அந்த நாட்களில் குலை வெட்டும் அரிவாளைத் தொடக் கூடாது. மோட்டார், டிராக்டர் ஓட்டக் கூடாது.

கூடவே பி1 வைட்டமின் கொடுப்பார்கள். "வைட்டமின்தானே" என்று எறிந்து விடாதீர்கள். குடிப்பவர் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். அது இல்லாவிட்டால் நடை தள்ளாடி, கண் பார்வை ஆடி, ஞாபகசக்தி திரும்பி வராமலே போகலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து மனசு வைத்தியம் சூடு பிடிக்கும். குடியால் வந்த மனச்சோர்வு என்றால், குடியை விட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குத் தானாகவே லேசாகும். லேசாகாவிட்டாலோ, ஆரம்பத்திலேயே கடுமையாக இருந்தாலோ, அதற்கென்று மாத்திரை உண்டு. அது தலைவலி மாத்திரை போல அன்றைக்கே கேட்காது. குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். "இப்ப நல்லா இருக்கேன்" என்று நடுவில் நிறுத்தியவர்கள் பலர் திரும்பவும் விழுந்திருக்கிறார்கள். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகளும் உண்டு. ஈரலைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

"முதல்ல குடியை விட்டுட்டு வா, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதே சரியான முறை. கிளினிக் டாக்டரிடம் எழுதி வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பல ஊர்களில் 'மென்தாரி' என்ற சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. மருந்தோடு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுவதும் வைத்தியத்தில் ஒரு பாதி: சம்பள நாளில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, கூட்டாளி கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக் கொடுப்பார்கள்.

மனநலப் பிரிவு என்றதும் "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கோபப்படுவார்கள். அங்கே 1911-இல் திறந்த ஆஸ்பத்திரி இன்றும் ஹாஸ்பிட்டல் பஹாகியா என்ற பெயரில் நடக்கிறது. அங்கேயும் வைத்தியம்தான் பார்க்கிறார்கள். ஆனால் நீங்கள் அங்கே போய்ப் படுக்க வேண்டும் என்பதில்லை. காலையில் போய் மத்தியானம் வீடு திரும்பும் வைத்தியத்தைத்தான் சொல்கிறோம்.

ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே போல வந்து போகும் வைத்தியம் உண்டு. அரசாங்கத்தின் மெத்தடோன் திட்டம் 2005-இல் தொடங்கியது. கெத்தும், ஷாபு என்று வேறு பழக்கம் இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலை போய்விடுமா?

ஆஸ்பத்திரிக்குப் போக நாள் ஒழிக்க வேண்டுமே, சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் கொடுக்கும் எம்.சி.யைப் பத்திரமாக வைத்து, 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் வீட்டில் படுத்துக் கொண்டால் அது 'பொந்தேங்' கணக்கில் போய்விடும். தகராறு வந்தால் உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் போங்கள்.

வீட்டார் கவனத்துக்கு

தாய்மார்களே! குடியை நிறுத்தும் மருந்து என்று யாரோ விற்கும் பொடியைக் காப்பியில், குழம்பில் தெரியாமல் கலக்காதீர்கள். அதில் சாராயத்தோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டிப் போடும் மருந்து இருக்கலாம். தெரியாமல் சாப்பிட்டு மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகக் கூடும்.

போதையில் இருப்பவரிடம் வாதாடாதீர்கள். மறுநாள் காலையில், தெளிந்த நேரத்தில், பிள்ளைகள் இல்லாதபோது பேசுங்கள். "நீ உருப்படமாட்டே" என்பதை விட, "நானும் கூட வர்றேன், ஒரு தரம் போய்ப் பார்ப்போம்" என்ற பேச்சு வேலை செய்யும். அதே சமயம், அவர் நோயாளி என்பதற்காக அடி வாங்கிக் கொண்டு இருக்க வேண்டியதில்லை. கை நீட்டினால் பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போங்கள். போலீசில் சொல்லலாம், தாலியான் காசே எண் 15999-க்கும் கூப்பிடலாம். மனக்கஷ்டத்துக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் எண் 15555. குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். உங்கள் மனசும் களைத்துப் போயிருக்கும்.

தவறி விழுந்தால்

மூன்று மாதம் சுத்தமாக இருந்தவர் ஒரு சம்பள நாளில் மறுபடியும் குடித்துவிட்டு வருவார். "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்று வீடே உட்கார்ந்துவிடும். அப்படி அல்ல. இனிப்பு நீரில் கட்டுப்பட்டிருந்த சர்க்கரை ஒரு மாதம் ஏறினால் வைத்தியத்தை நிறுத்துகிறோமா? மருந்தைச் சரி பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான். அடுத்த தேதி வரை காத்திராமல் மறுநாளே கிளினிக்குக்குப் போங்கள். எந்த நேரம், யாரோடு, என்ன மனநிலையில் குடித்தார் என்று சொல்லுங்கள். அடுத்த முறை அந்த ஓட்டையை அடைக்கலாம்.

தோழர்களே! கள்ளுக்கடையை மூடு என்று 1941-இல் கேட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். இன்று நம் வீட்டுக்குள் இருக்கும் புட்டியை மூடுவதற்கு டாக்டரும், மருந்தும், சட்டமும் துணைக்கு இருக்கின்றன. உங்கள் லயத்தில் இப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். வெள்ளியும் அடையாளக் கார்டும் எடுத்துக் கொண்டு, நாளைக்குக் காலையில் அவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.